பழைய கமரா வாங்கப் போகிறீர்களா?

சென்ற மாதம் கொட்டாஞ்சேனையிலிருந்து என் சாச்சியின் மகள் ஒரு சின்ன டிஜிட்டல் கமராவோடு வெள்ளவத்தையிலுள்ள எங்கள் வீட்டுக்கு வந்தாள். "ராத்தா, இதைப் பார்த்துச் சொல்லுங்க. சரியில்லாட்டித் திருப்பிக் கொடுக்கலாம்" என்றாள். பாவித்த கமரா. தங்கையின் கலியாணத்தில் பெண்கள் பகுதியில் எடுக்கும் படங்கள் யாருடைய கைத்தொலைபேசியிலும் தங்கக் கூடாது என்பது வீட்டாரின் விருப்பம்.

அதில் நியாயம் இருக்கிறது. பல தொலைபேசிகள் படத்தை எடுத்தவுடன் இணையச் சேமிப்புக்கும் அனுப்பிவிடுகின்றன. இணைய வசதியில்லாத பழைய கமராவிலோ படம் அதன் கார்டோடு நிற்கும்.

நீங்களும் இப்படி ஒன்று வாங்குவதானால், மெகாபிக்சல் எண்ணிக்கையைக் கண்டு மயங்காதீர்கள். அல்பத்தில் ஒட்டும் 4x6 அங்குலப் படத்தைத் தெளிவாக அச்சிட 1800x1200 புள்ளிகள், அதாவது சுமார் 2 மெகாபிக்சல் போதும். 2000ஆம் ஆண்டில் வந்த முதலாவது கெனன் டிஜிட்டல் இக்ஸஸ் கமராவிலேயே அவ்வளவு இருந்தது. வெளிச்சத்தை வாங்கும் சென்சரின் அளவுதான் முக்கியம். சாதாரணச் சிறு கமராக்கள் பலவற்றில் அது ஏறத்தாழ 6x4.5 மில்லிமீற்றர்தான், சுண்டுவிரல் நகத்தைவிடச் சிறியது. அதனால்தான் மங்கலான மண்டபத்தில் எடுத்த படம் புள்ளி புள்ளியாக வருகிறது. கடையின் பிரகாசமான விளக்கில் சோதித்து ஏமாறாமல், ஓர் இருண்ட மூலையையும் எடுத்துப் பாருங்கள்.

ஸூம் என்றால் 'ஒப்டிக்கல்' எத்தனை மடங்கு என்று கேளுங்கள். 'டிஜிட்டல் ஸூம்' என்பது எடுத்த படத்தின் நடுப்பகுதியை வெட்டிப் பெரிதாக்குவதே. புதிதாக எதையும் காட்டாது.

லென்ஸுக்குள் டோர்ச் அடித்துப் பாருங்கள். நம் கொழும்பின் ஈரக்காற்றில் லென்ஸில் பூஞ்சணம் பிடிக்கும். நூல் இழைபோலத் தெரிந்தால் வாங்காதீர்கள். பற்றரி அறையில் பச்சைக் கறை இருக்கிறதா, அந்தப் பற்றரி இன்றும் கிடைக்கிறதா என்றும் பாருங்கள். 2006க்கு முந்திய கமராக்கள் பெரும்பாலும் 2 ஜிபிக்கு மேற்பட்ட எஸ்டி கார்டை வாசிக்கமாட்டா.

இவ்வளவும் பார்த்தோம். கமரா நல்லதுதான். கடைசியாகக் கார்டைப் போட மூடியைத் திறந்தால், உள்ளே ஏற்கனவே ஒரு கார்ட்! திரையில் யாரோ ஒரு மூதாட்டி, மடியில் பேரப்பிள்ளை. அடுத்த படத்துக்குப் போகாமல் நிறுத்திவிட்டோம். கடைக்காரரிடம் கேட்டால், "அழிச்சிட்டுப் பாவியுங்களேன்" என்றார் சாதாரணமாக.

அழித்தால் போய்விடுமா? இல்லை. அழிக்கும்போது பெரும்பாலும் படத்தின் விலாசம்தான் நீங்குகிறது. அந்த இடத்தில் புதிதாக ஏதேனும் பதியும் வரை, தெரிந்தவர் அதை மீட்டுவிடலாம். நம் வீட்டுப் பெண்களின் படங்களைப் பாதுகாக்க வாங்கிய கமராவிலேயே வேறொரு வீட்டின் படங்கள் திறந்து கிடந்தன.

கார்டை உரிமையாளரிடம் சேர்க்கும்படி வற்புறுத்திக் கடைக்காரரிடமே ஒப்படைத்தோம். அதுவும் ஓர் அமானிதம் அல்லவா? கலியாணத்துக்குப் புதிய கார்ட் வாங்கினோம். இப்போது அது சாச்சியின் அலுமாரியில். கார்டும் பழுதாகும் என்பதால், பிரதி ஒன்று வேறொரு வன்தட்டில்.

ஆகவே, கமராவை விற்பதானால் தாராளமாக விற்றுவிடுங்கள். கார்டை மட்டும் கொடுக்காதீர்கள்.