மெக்கானிக்கல் படிப்பு, மென்பொருள் வேலை

நம்மூரில் மெக்கானிக்கல் படித்துவிட்டு ஐ.டி.யில் குப்பை கொட்டுபவரை யாரும் ஏன் என்று கேட்பதில்லை. கேம்பஸில் எடுத்தார்கள், மூன்று மாதம் பயிற்சி கொடுத்தார்கள், அவ்வளவுதான். அமெரிக்க எச்-1பி விசாவுக்கு நிறுவனம் மனுப் போடும்போதுதான் அந்தக் கேள்வி முதன்முறையாக எழுகிறது: படித்ததற்கும் பார்க்கும் வேலைக்கும் என்ன சம்பந்தம்? விதி கேட்பது நேரடித் தொடர்பை. ஆனால் 'நேரடி' என்றால் தர்க்கப்படி பொருந்தினால் போதும் என்று 2025 ஜனவரி 17 முதல் நடப்புக்கு வந்த திருத்தமே சொல்லிவிட்டது. பட்டத்தின் பெயரும் பதவியின் பெயரும் ஒன்றாக இருக்கவேண்டியதில்லை. இது தெரியாமல் (சிலர் தெரிந்தும்தான்) வேலை விவரத்தை இழுத்து வளைத்து, மொட்டைத் தலைக்கும் முழங்காலுக்கும் முடிச்சுப் போடுகிறார்கள். விளக்கம் கேட்டு ஓலை வராமல் என்ன செய்யும்? அதைவிட மார்க் ஷீட்டை எடுத்துப் பாருங்கள். சி புரோகிராமிங், நியூமரிக்கல் மெத்தட்ஸ், புள்ளியியல் எல்லாம் அதில்தான் தூங்கிக்கொண்டிருக்கின்றன. எந்தப் பாடம் அன்றாடம் எந்த வேலைக்கு உதவுகிறது என்று நிறுவனத்தின் கடிதம் பாடம் பாடமாகச் சொல்லட்டும். படிப்பு போதாவிட்டால் அனுபவம் கைகொடுக்கும். குறைகிற ஒவ்வொரு கல்லூரி ஆண்டுக்கும் மூன்றாண்டுத் துறை அனுபவம் என்பது அங்குள்ள கணக்கு. அதற்குப் பழைய நிறுவனங்களின் கடிதம் வேண்டும். மேனேஜரோடு சண்டை போட்டுக்கொண்டு வெளியே வந்தவர்கள் இப்போதே சமாதானம் பேசி வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.