3.2 சதவீதம் சொல்லாத சேதி

மத்திய அரசின் காலமுறைத் தொழிலாளர் கணக்கெடுப்பின்படி, 2017-18இல் 6.1 சதவீதமாக இருந்த நாட்டின் வேலையின்மை விகிதம் 2023-24இல் 3.2 சதவீதமாகக் குறைந்திருக்கிறது. ஆள்வோர் இதைச் சாதனை என்கிறார்கள். எதிர்ப்போர் பொய்க்கணக்கு என்கிறார்கள். இரண்டுமே அவசரத் தீர்ப்புகள். இந்த எண் எதை அளக்கிறது என்று தெரிந்துகொண்டால்தான், அதை எவ்வளவு தூரம் நம்பலாம் என்பது விளங்கும்.

வேலை செய்பவர்களும் வேலை தேடுபவர்களும் சேர்ந்ததே தொழிலாளர் படை. அதில் வேலை கிடைக்காதவர்களின் பங்குதான் வேலையின்மை விகிதம். மாணவர்களும், வீட்டை மட்டும் கவனிக்கும் பெண்களும் இதில் வரமாட்டார்கள். தேடித் தேடிச் சலித்து வீட்டோடு இருந்துவிட்டவர்களும் வரமாட்டார்கள். ஓர் ஊரில் 60 பேர் தொழிலாளர் படையில் இருக்க, 6 பேருக்கு வேலை இல்லை என்றால் விகிதம் 10 சதவீதம். அந்த ஆறு பேரில் மூவர் நம்பிக்கையிழந்து வேலை தேடுவதையே விட்டுவிட்டால், விகிதம் 5.3 சதவீதமாகிவிடும். புதிதாக ஒருவருக்கும் வேலை கிடைத்திருக்காது.

வேலையில் இருப்பவர் யார் என்பதற்கான வரையறையும் தாராளமானது. மேற்சொன்ன ஆண்டுக் கணக்கில், ஓராண்டில் 30 நாள் வேலை செய்தவர்கூட வேலையில் இருப்பவர்தான். வாராந்திரக் கணக்கிலோ, ஏழு நாளில் ஒரு மணி நேரம் உழைத்தாலே போதும். இது நம் அரசு செய்த தந்திரமல்ல. ஒரு மணி நேர அளவுகோலை உலகின் பல நாடுகள் பின்பற்றுகின்றன. ஆனால், வேலை இழந்தவருக்கு அரசு உதவித்தொகை தரும் நாட்டில், அவர் தகுந்த வேலைக்காகக் காத்திருக்க முடியும். இங்கே அன்றாடங்காய்ச்சிக்கு அந்த வசதி இல்லை. கிடைத்த கூலிக்குப் போகிறார், வேலையில் இருப்பவர் ஆகிவிடுகிறார். காத்திருக்க முடிந்தவர்கள் பெரும்பாலும் வீட்டின் ஆதரவில் வாழும் இளைஞர்கள். 15 முதல் 29 வயது வரையிலானவர்களிடம் இதே விகிதம் 2023-24இல் 10.2 சதவீதமாக இருந்ததற்கு இதுவும் ஒரு காரணம்.

தொழிலாளர் படையில் பெண்களின் பங்கேற்பு இதே காலத்தில் 23.3 சதவீதத்திலிருந்து 41.7 சதவீதமாக உயர்ந்திருக்கிறதே, அது முன்னேற்றம் இல்லையா என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. வயலிலும் கடையிலும் காலங்காலமாக உழைத்துவந்த பெண்கள் கணக்கில் வருவதை வரவேற்கத்தான் வேண்டும். ஆனால், 2023-24இல் வேலையில் இருந்த பெண்களில் மூன்றில் ஒரு பங்குக்கும் அதிகமானோர் குடும்பத் தொழிலில் சம்பளமின்றி உழைத்தவர்கள். அவர்களது உழைப்பு உண்மையானது. அவர்கள் கைக்கு வரும் வருமானம்தான் இல்லை.

2025 முதல் வேலையின்மை விகிதம் மாதந்தோறும் வெளியாகிறது. வேலை நேரத்தையும் வருமானத்தையும் பற்றிய விவரங்களை இதே கணக்கெடுப்பு ஏற்கெனவே திரட்டுகிறது. சம்பளமில்லாமல் உழைப்பவர் எத்தனை பேர், போதிய வேலை கிடைக்காதவர் எத்தனை பேர், சராசரி வருமானம் எவ்வளவு என்ற மூன்றையும் விகிதத்துக்குப் பக்கத்திலேயே அரசு வெளியிட வேண்டும். வேலையின்மை குறைந்தது என்று இனி யார் சொன்னாலும், என்ன வேலை, எவ்வளவு கூலி என்று வாசகர்கள் கேட்க வேண்டும்.