தலைநகரும் திரைநகரும்

சென்ற தவணையில் ஒருநாள், எங்கள் பாடசாலையின் பத்தாந் தர மாணாக்கர் கணனிக் கூடத்தில் இருந்தபடியே தலைநகருக்குப் போய், ஒரு பாடவேளைக்குள் திரும்பியும் வந்துவிட்டனர். வரலாற்று ஆசிரியை வகுத்த செயற்றிட்டம் அது. 'மெய்நிகர் உலா' என்று பெயரிட்டிருந்தார். பெயர் தமிழாய் அமைந்ததனாற்போலும், பண்டிதனாகிய என்னையும் அழைத்துப் பின்வாங்கில் இருத்தினார்.

உலா இனிதே நடந்தது. செய்மதிப் படத்திலே தியவன்னா ஓயா விரிந்தது. நீர்நடுவே ஜெப்ரி பாவா வரைந்தமைத்த பாராளுமன்றம் செப்புக் கூரைகளோடு தோன்றியது. அது 1982ஆம் ஆண்டு திறக்கப்பெற்றதென்று ஒரு மாணவி வாசித்தாள். பத்தரமுல்லையிற் கல்வி அமைச்சு இருக்கும் 'இசுருபாய' வந்தது. ஆசிரியராயினார் கடிதக் கோவையோடு ஏறியிறங்கும் படிகளை வானத்திலிருந்து பார்ப்பது எனக்குப் புதுமைதான். பின்னர்க் காலிமுகத்திடல், புகையிரத நிலையம், செட்டியார் தெரு என்று கொழும்பு ஒவ்வொன்றாய் வந்து போயிற்று.

அப்போது ஒரு பையன் எழுந்தான். "ஐயா, தலைநகர் கொழும்பா, கோட்டையா? கோட்டை கொழும்புக்குள்ளேதானே இருக்கிறது?" என்றான்.

வகுப்புச் சிரித்தது. எனக்குச் சிரிப்பு வரவில்லை. அன்று எழுந்த கேள்விகளுள் நல்ல கேள்வி அதுவே. புகையிரத நிலையம் நிற்கும் கோட்டை, அந்நியர் கடலோரத்திற் கட்டிய அரணின் பெயரைத் தாங்கி நிற்பது. பாராளுமன்றம் நிற்கும் கோட்டே, 15ஆம் நூற்றாண்டில் ஆறாம் பராக்கிரமபாகு அரசிருந்த நகர். செண்பகப்பெருமாள் என நாம் வழங்கும் சப்புமல் குமாரன் அவனுக்காகவே யாழ்ப்பாணத்தை வென்றான். பெயர் ஒன்றுபோல, கதை வேறு. திரையில் இரண்டும் இரண்டு புள்ளிகள். அவற்றின் பின்னே கிடக்கும் காலம் திரையில் இல்லை.

ஆசிரியர் அறையில் இச்செயற்றிட்டம் பற்றி இரு கட்சி எழுந்தது. "வீண் விளையாட்டு" என்பார் ஒரு சாரார். "இனிச் சுற்றுலாச் செலவு மிச்சம்" என்பார் மற்றொரு சாரார். யான் இரு கட்சியிலும் இல்லேன்.

விளையாட்டு என்று தள்ளுதல் தகாது. எங்கள் ஊருக்கும் கொழும்புக்கும் ஏறத்தாழ 400 கிலோமீற்றர். 1990இல் நின்ற யாழ்தேவி 2014இலேதான் மீண்டும் யாழ்ப்பாணம் வந்து சேர்ந்தது. அவ்விடைக்காலத்தில் எங்கள் பிள்ளைகளிற் பலர் தம் நாட்டின் தலைநகரைச் செவிவழியாகவே அறிந்து வளர்ந்தனர். இன்று பாதை உண்டு. ஆயினும் கூலிக்காரன் பிள்ளைக்குப் பயணச் செலவு உண்டா? அவனுக்குத் திறந்த ஒரு சாளரத்தை நாம் அடைப்பது நீதியன்று.

ஆனால், சாளரத்தாற் பார்த்தவன் தெருவில் நடந்தவன் ஆகான். நன்னூலார் எண்ணும் உவமவுருபுகளுள் 'நிகர' என்பதும் ஒன்று. முகம் மதியை நிகர்க்கும் என்றால் முகம் மதியாகிவிடுமா? மெய்யை நிகர்ப்பது எதுவோ அது மெய்யினும் வேறு என்பதை அச்சொல்லே ஒப்புக்கொள்கிறது. உவமை பொருளை விளக்கவேண்டும். அதன் ஆசனத்தில் ஏறி இருந்துவிடலாகாது.

திரைநகரில் இல்லாதவை இரண்டு. ஒன்று காலம், மற்றொன்று மாந்தர்.

யான் மதுரையைக் கண்ணாற் கண்டதில்லை. ஆயினும் மதுரைக்காஞ்சி படித்தவன். மாங்குடி மருதனார் 782 அடிகளிலே ஒரு தலைநகரைக் காட்டுகிறார். பகற்கடையும் அந்திக்கடையும் வருகின்றன. இரவு யாமம் யாமமாய் நகர்கிறது; ஊர் துயில்கிறது; காவலர் விழித்திருக்கின்றனர்; பொழுது புலர்கிறது. விற்பவரும் வாங்குபவரும், நோன்பினரும் கள்வரும் தத்தம் வேளையில் வருகின்றனர். எங்கள் மாணாக்கர் பார்த்த கொழும்பிலோ எந்நேரமும் நண்பகல். வண்டிகள் நின்றபடி நிற்கின்றன. எவரும் வாய்திறந்து ஒரு சொற் பேசவில்லை.

இக்குறையைத் தீர்த்தவள் பதினைந்து வயதுச் சிறுமி ஒருத்தி. மறுநாள் அவள் நான்கு தாள்களோடு வந்தாள். வெள்ளவத்தைப் படத்தை வீட்டிலே தன் அம்மம்மாவுக்குக் காட்டினாளாம். அம்மையார் ஓர் ஒழுங்கையை விரலால் தொட்டு, "இதிலேதான் இருந்தோம்" என்றாராம். வீடு இருந்த இடத்தில் இப்போது மாடிக் கட்டடம். 1983 ஆடியிலே உடுத்த உடையோடு வெளியேறியது, அயலிலிருந்த சிங்களத் தாய் ஒருத்தி இரண்டு இரவு ஒளித்து வைத்தது, கப்பலேறிக் காங்கேசன்துறையில் இறங்கியது யாவும் அத்தாள்களில் இருந்தன. கடற்காற்றும், மாலையிற் புகையிரதம் கடக்கையில் அதிரும் யன்னலும் இருந்தன. தலைநகர் அங்கே இருந்தது.

ஆசிரியை தாள்களை என்னிடம் நீட்டினார். "இதற்கு எத்தனை புள்ளி இடுவேன், ஐயா?" என்றார். புள்ளித்திட்டத்தைப் பார்த்தோம். இடங்களின் பெயருக்குப் புள்ளி உண்டு, படத்துக்கு உண்டு, வர்ணத்துக்கும் உண்டு. கேட்டறிந்து எழுதியதற்கு ஒரு புள்ளியும் இல்லை.

பிழை கணனியினுடையதன்று என்பது அப்போது எனக்கு வெளித்தது. நாம் எதற்குப் புள்ளி இடுகிறோமோ அதையே பிள்ளை தேடும். பெயர்களுக்கு இட்டால் பெயர்களைத் தேடும். மாந்தருக்கு இட்டால் மாந்தரைத் தேடும்.

ஆதலால் ஆசிரிய அன்பர்களுக்கு யான் கூறுவது இதுவே. திரையைத் திறக்குமுன் மாணாக்கன் ஒரு கேள்வியை எழுதட்டும். மூடியபின், அவ்விடத்தில் வாழ்ந்த அல்லது அவ்விடத்தை அறிந்த ஒருவரைக் கண்டு கேட்கட்டும். கொழும்பு நூதனசாலையின் வெண்சுவரைத் திரை காட்டும். அதனுள்ளே 1409ஆம் ஆண்டுக் கல்லொன்று சீனமும் தமிழும் பாரசீகமும் தாங்கி நிற்பதை அறிந்தவரே சொல்லவேண்டும். உலா ஒருவழிப் பாதையாதலும் கூடாது. செண்பகப்பெருமாள் யாழ்ப்பாணத்தில் இருந்தபோது, தெற்கே தேவிநுவரையிலிருந்து ஒரு பிக்கு அவனுக்குக் குயிலைத் தூதுவிட்டுச் சிங்களத்திற் பாடினார். அக்குயில் ஊரூராய்ப் பார்த்துக்கொண்டு எங்கள் நாட்டுக்கு வந்தது. கொழும்பு மாணாக்கரும் அவ்வாறே எங்கள் ஒழுங்கைகளுக்குள் வரட்டும். எங்கள் கிழவியரிடம் கேட்கட்டும். எங்கள் பிள்ளைகள் அவர்களிடம் கேட்பார்கள்.

தலைநகர் என்பது ஆள்வோர் இருக்கும் இடம் மாத்திரமன்று; ஆளப்படுவோன் 'இது எனக்கும் உரியது' என்று உரிமையோடு நினைக்கவேண்டிய இடமும் ஆகும். அந்நினைவைப் படம் தராது. அச்சிறுமியின் அம்மம்மா அங்கே வாழ்ந்தார், இழந்தார், இன்றும் அந்த ஒழுங்கையை விரலாற் காட்டுகிறார். பேர்த்தி அதனை எழுதிவிட்டாள்.

ஆசிரியை புள்ளித்திட்டத்தின் அடியிலே தம் கையால் ஒரு வரி சேர்த்தார்: 'கேட்டறிந்து எழுதியமைக்கு, 40.'