ஆர்.சி. புஸ்தகமும் மோசடியும்

மதுரையின் தென்பால் உள்ள வில்லாபுரம், உழைத்துப் பிழைக்கும் ஜனங்கள் நெருங்கி வசிக்குமிடம். அத்தகைய ஜனங்களுக்குப் பழைய மோட்டார் சைக்கிளோ ஆட்டோவோ ஆடம்பரமல்ல, பிழைப்புக்கு முதல். மனைவியின் நகையை அடகு வைத்து அம்முதலைத் திரட்டும் ஒருவன், விற்பவன் நீட்டும் ஆர்.சி. புஸ்தகத்தையே நம்பிப் பணத்தை எண்ணிக் கொடுக்கிறான். அதில் சூது இருக்குமாயின் பணமும் போயிற்று, வண்டியும் போயிற்று, திருட்டுச் சொத்தை வாங்கியவன் என்ற பழியும் வந்து சேரும். ஆகவே இதனைச் சில்லறை விஷயமென்று ஒதுக்குவதற்கில்லை.

பத்திரத்தை மாற்றிவிட்டால் மோசடி ஒழியும் என்பது ஒரு கட்சி. கையால் எழுதிய காகிதப் புஸ்தகம் போய் அட்டை வந்தது. தமிழ்நாட்டில் 2024 பிப்ரவரி இறுதி முதல் ஆர்.சி. தபால் மூலமே விலாசத்துக்கு வருகிறது. இவையெல்லாம் நல்ல சீர்திருத்தங்களே. ஆனால் இவை மட்டும் போதுமா?

பிரிட்டனின் அனுபவத்தைக் கவனிப்போம். 2006-ல் அந்நாட்டில் அச்சிட்டுப் பூர்த்தி செய்யாதிருந்த வாகனப் பதிவுப் பத்திரங்கள் திருட்டுப் போயின. அவற்றைக் காட்டித் திருட்டுக் கார்களை நேர்மையான கார்களென விற்றனர் கயவர். 2010-ல்தான் நீல நிறப் பத்திரத்துக்குப் பதிலாகச் சிவப்பு நிறப் பத்திரத்தை அரசாங்கம் வழங்கத் தொடங்கிற்று. இடையே கழிந்தது நாலு வருஷம்! காகிதத்தை நம்பும் முறையின் பலவீனம் இதுவே.

உண்மையில் சட்டத்தின் கண்ணுக்கு ஆர்.சி. வெறும் சாட்சி, மூலம் பதிவேடு. 1988-ம் வருஷத்து மோட்டார் வாகனச் சட்டத்தின்படி, சாமானியமாக எவர் பெயரில் வண்டி பதிவாகியிருக்கிறதோ அவரே சொந்தக்காரர். 50-வது பிரிவின்படி, விற்பவர் 14 நாட்களுக்குள்ளும் வாங்குபவர் 30 நாட்களுக்குள்ளும் அதிகாரிக்குத் தெரிவிக்க வேண்டும். நடப்பதோ வேறு. 29, 30-வது படிவங்களில் வெறுமனே கையெழுத்திட்டுப் புஸ்தகத்தோடு தரகர் கையில் திணித்துவிட்டு, தொல்லை விட்டதென்று வீடு திரும்புகிறார் விற்பவர். தொல்லை அப்போதுதான் ஆரம்பமாகிறது. பல கை மாறிய வண்டி விபத்துக்குள்ளானாலும், பதிவேட்டில் பெயருள்ளவரே நஷ்டஈட்டுக்குப் பொறுப்பாளி என்று 2018 பிப்ரவரியில் சுப்ரீம் கோர்ட்டு தீர்ப்பளித்திருக்கிறது.

இன்னொரு சூதும் உண்டு. அசல் புஸ்தகத்தை ஒருவரிடம் ஈடு வைத்துக் கடன் பெறுவது. பிறகு அது தொலைந்ததென்று எழுதிக் கொடுத்து நகல் பெறுவது. அந்நகலைக் காட்டி வண்டியை வேறொருவருக்கு விற்பது. இவ்வஞ்சனையில் போலிப் பத்திரமே கிடையாது. இரண்டும் சர்க்கார் கொடுத்தவையே! இதற்குப் புதிய அட்டை என்ன பரிகாரம் செய்யும்?

ஆகவே நாம் வற்புறுத்துவது இதுதான்: பத்திரத்தைக் கொண்டு வியாபாரம் நடப்பது ஒழிந்து, பதிவேட்டைக் கொண்டு நடக்க வேண்டும். பெயர் மாற்றத்துக்கு மனுச் செய்த பிறகே முழுப் பணமும் கைமாற வேண்டும். நகல் கேட்போரின் மனுவைச் செவ்வையாக விசாரித்தே அதிகாரிகள் நகல் வழங்க வேண்டும். பழைய வண்டி வியாபாரிகள் அனுமதி பெற வேண்டும், தம்மிடம் வந்த வண்டியை அதிகாரிக்கு அறிவிக்க வேண்டும் என்று 1-4-2023 முதல் மத்திய சர்க்கார் செய்துள்ள விதி, தெருமுனைத் தரகர் வரை எட்ட வேண்டும்.

பொது ஊழியர்களுக்கும் ஒரு வார்த்தை. ‘வாகன்’ பதிவேட்டிலுள்ள விவரங்களைக் கைப்பேசியிலேயே பார்க்கலாம். வண்டியின் சேஸிஸ் எண்ணையும் என்ஜின் எண்ணையும் ஆர்.சி.யோடு ஒப்பிட்டு, கடன் பாக்கி பதிவாகியிருக்கிறதா என்று பதிவேட்டில் பார்த்துச் சொல்லக் கால் மணி நேரம் பிடிக்குமா? மேடையில் ஏழைக்காகப் பேசும் நண்பர்கள், வாரம் ஒரு மாலை வில்லாபுரத்தில் ஒரு மேஜை போட்டு உட்கார்ந்து இதைச் செய்யட்டும். பணம் பறிபோன பின் போலீஸ் நிலையத்துக்குத் துணை போவதினும், போகுமுன் தடுப்பதே மெய்யான தொண்டு.