நுழைவதெல்லாம் பொருந்தாது

கொடைரோட்டில் நின்று போகும் வைகை எக்ஸ்பிரஸ், 1977-ல் தொடங்கியபோது மீட்டர் கேஜில்தான் ஓடியது. பிறகு பிராட் கேஜ் வந்தது. அதற்குப் பெட்டியை மட்டும் மாற்றினால் போதுமா? தண்டவாளத்திலிருந்து எல்லாவற்றிலும் கை வைக்க வேண்டியிருந்தது. தோட்டாவுக்கும் துப்பாக்கிக்கும் உள்ள உறவும் ஏறக்குறைய இப்படித்தான்.

அதே ரயில் திண்டுக்கல்லைத் தாண்டித் திருச்சிக்குப் போகிறது. அங்கே 1966-ல் தொடங்கப்பட்ட துப்பாக்கித் தொழிற்சாலை இருக்கிறது. அங்கு உருவான 'திருச்சி அசால்ட் ரைஃபிள்' 7.62 மி.மீ. ரகம். மேற்கு வங்கத்தின் இஷாப்பூரில் செய்த '2ஏ' ரைஃபிளும் 7.62 தான். அப்படியானால் ஒன்றின் தோட்டா இன்னொன்றுக்கு ஆகுமா? ஆகாது! முதலாவதின் தோட்டாக்கூடு 39 மி.மீ. நீளம், இரண்டாவதின் கூடு 51 மி.மீ. எண் ஒன்றுதான், தோட்டா வேறு.

தோட்டாவை உள்ளே தள்ளி, பூட்டி, சுட்டபின் வெறும் கூட்டை இழுத்து வெளியே போடும் பகுதிக்கு 'ஆக்ஷன்' என்று பெயர். தோட்டா நீளமானால் ஆக்ஷனும் நீளும், துப்பாக்கியின் எடையும் கூடும். அமெரிக்காவின் பழைய ராணுவத் தோட்டாவின் கூடு 63 மி.மீ. வெடிமருந்து மேம்பட்டதால் 51 மி.மீ. கூட்டிலேயே கிட்டத்தட்ட அதே வேகம் கிடைத்தது. 1954-ல் நேட்டோ நாடுகள் அதை ஏற்றுக்கொண்டன. 'ஷார்ட் ஆக்ஷன்' ரைஃபிள்கள் பரவியதற்கு இந்த அளவுத் தோட்டா ஒரு முக்கியக் காரணம்.

இனி நம் நாட்டுக் கதை. 1962 சீனப் போரில் நம் வீரர்கள் கையில் இருந்தது பழைய .303 லீ என்ஃபீல்ட். போருக்குப் பின் புதிய 7.62 தோட்டாவை அந்தப் பழைய அமைப்பிலேயே பொருத்த இஷாப்பூர் முனைந்தது. .303 தோட்டாவின் மொத்த நீளம் சுமார் 78 மி.மீ., புதியது 71 மி.மீ. ஆக, நீளம் ஒரு பிரச்சினையே இல்லை. தாராளமாக நுழையும்!

ஆனால் புதிய தோட்டா வெடிக்கும்போது உண்டாகும் அழுத்தம் அதிகம். அதனால் இன்னும் வலுவான எஃகு தேவைப்பட்டது. .303 கூட்டின் அடியில் துருத்தும் விளிம்பு உண்டு, புதியதில் கிடையாது. அதனால் கூட்டை இழுக்கும் கொக்கியும் மேகசினும் மாறின. பின்னர் வந்த '2ஏ1'-ல் குறிபார்க்கும் அளவைக்கூட 2000 மீட்டரிலிருந்து 800 மீட்டராகக் குறைத்தார்கள்.

இதை 'ஒட்டுப்போட்ட துப்பாக்கி' என்று கிண்டல் செய்பவர்கள் உண்டு. அது தவறு. ஒட்டுப்போடுவது என்றால் நுழைகிறதா என்று மட்டும் பார்ப்பது. இஷாப்பூர்க்காரர்கள் தாங்குமா என்றும் பார்த்தார்கள். அதைவிடப் பெரிய தவறு, 'உருவம் ஒன்றுதானே, எந்தப் பழைய .303-ஐயும் இப்படி மாற்றிவிடலாம்' என்று நினைப்பது. வெளியே பார்க்க இரண்டும் அண்ணன் தம்பி போலத்தான் இருக்கும். உள்ளே இருக்கும் எஃகு வேறு.

'கொஞ்சம் அட்ஜஸ்ட் பண்ணிக்கலாம்' என்பது நம் ஊரில் எல்லாவற்றுக்கும் சொல்லும் பேச்சு. பஸ் சீட்டுக்கு அது சரி. சுடுபவனின் கன்னத்துக்குப் பக்கத்தில் வெடிக்கும் ஒரு பொருளுக்கு அந்தப் பேச்சு செல்லாது. அளவு பார்ப்பது பாதி வேலை, அழுத்தம் பார்ப்பதுதான் மீதி. அந்த மீதியை விட்டுவிட்டால் விலை கொடுப்பது துப்பாக்கி மட்டுமல்ல, அதைப் பிடித்திருப்பவனும்தான்.