ஐன்ஸ்டைன் தலையில் கட்டாதீர்கள்!

'கோள்களும் நிலாக்களும் ஏன் சுழல்கின்றன? சூரியன் வெளியை வளைக்கிறது, அந்த வளைவுதான் சுழற்றுகிறது, ஐன்ஸ்டைனே சொல்லிவிட்டார்!' என்றொரு விளக்கம் அவ்வப்போது தலைகாட்டுகிறது. கேட்க ஜோராகத்தான் இருக்கிறது. கணக்குதான் இடிக்கிறது.

ஒரு கோள் சூரியனைச் சுற்றுவது வேறு. தன்னைத்தானே சுற்றிக்கொள்வது வேறு. இந்த ஆசாமிகள் துருப்புச்சீட்டாக நீட்டும் புதன் சமாச்சாரம் முதல் வகை. புதனின் நீள்வட்டப் பாதை மெல்லத் திரும்புகிறது. மற்ற கோள்களின் இழுப்பைக் கழித்த பிறகும் நூறாண்டுக்கு சுமார் 43 விகலை மிச்சம் (ஒரு பாகையில் 3600 விகலை). 1859-ல் இந்த வித்தியாசத்தைக் காட்டிய லெவரியே, கண்ணில் படாத கோள் ஏதோ இருக்கலாம் என்றார். இருப்பாய்வு பொருந்தாவிட்டால் அனாமத்துக் கணக்கில் போடுவோமே, அதுபோல! 1915-ல் ஐன்ஸ்டைன் அந்த பாக்கியைத் தீர்த்தார். மகத்தான சாதனைதான். ஆனால் தீர்ந்தது பாதையின் கணக்கு, சுழற்சியின் கணக்கு அல்ல.

சரி, சுழற்சிக்கு வருவோம். சூரியனின் வளைவுதான் காரணம் என்றால், அருகில் இருப்பது வேகமாகவும் தொலைவில் இருப்பது மெதுவாகவும் சுழல வேண்டும். நடப்பதோ தலைகீழ்! தொலைவிலுள்ள வியாழனுக்கு ஒரு சுழற்சிக்குப் பத்து மணி நேரம்கூட ஆகாது. அருகிலுள்ள வெள்ளிக்கு 243 நாள், அதுவும் எதிர்த்திசையில்.

அப்படியானால் எது காரணம்? பிறந்த மேகத்தின் சுழற்சி, ஆதிகால மோதல்கள், பிறகு ஓத உராய்வு. நிலா ஒரே முகத்தைக் காட்டுவது, பூமியின் இழுப்பு அதற்கு பிரேக் போட்டதால். புதனும் அப்படித்தான் 88 நாளில் சுழல்கிறது என்று நம்பியிருந்தார்கள். 1965-ல் அரேசிபோ ரேடார் சுமார் 59 நாள் என்றது. இரண்டு சுற்றுக்கு மூன்று சுழற்சி! இத்தாலியரான கொலம்போ இதை நியூட்டன் இயக்கவியலை வைத்தே விளக்கினார்.

சார்பியலுக்கும் சுழற்சிக்கும் சம்பந்தமே இல்லையா? உண்டு. 2004-ல் ஏவிய கிராவிட்டி புரோப் பி அதைத்தான் அளந்தது. பூமியின் சுழற்சி வெளியை இழுப்பதால், செயற்கைக்கோளின் சுழலிகள் ஆண்டுக்கு 0.039 விகலை விலக வேண்டும். 2011-ல் வெளியான முடிவு பிழை வரம்புக்குள் ஒத்துப்போனது. கவனியுங்கள்: அங்கே சுழற்சி காரணம், இழுபடல் விளைவு. வரவைப் பற்றில் எழுதினால் எப்படி?

பெரிய பெயரைச் சொன்னதும் கேள்வி கேட்பது நின்றுவிடுகிறது. நஷ்டம் அங்கேதான். ஐன்ஸ்டைன் பெயரை இழுப்பவர்கள் ஒரே ஒரு கோளின் சுழற்சி நேரத்தையாவது தங்கள் வளைவிலிருந்து கணக்கிட்டுக் காட்டட்டும். அதுவரை அது விளக்கமல்ல, வெறும் ஜல்லி.