கொல்லைச் சதுப்பிற்கு ஏற்றது எது?

கடலூர், சிதம்பரம் தாலூகாக்களின் கடலோரக் கிராமங்களில் வீட்டுக் கொல்லையின் ஒரு மூலை ஈரங்கசிந்து கிடப்பது சகஜம். அதை வண்டி வண்டியாய் மண்ணடித்துத் தூர்ப்பது வீண் செலவென்பதே என் அபிப்பிராயம். அந்த ஈரத்திற்கேற்ற செடியை வைப்பதே முறை. ஆயினும், நீலகிரியின் புளிப்பு மண்ணுக்கும் குளிருக்கும் பழகிய காட்டுப்பூவரசு நம் உவர்க்களியில் பிழையாது.

ஸ்தல விருக்ஷமாயிற்றே என்று பிச்சாவரத்துச் சதுப்பிலிருந்து தில்லைக் கன்றைக் கொணர விரும்புவோரும் உளர். பக்தி நன்றே, ஆனால் தில்லைப்பால் தோலிற் பட்டால் கொப்புளிக்கும், கண்ணிற் பட்டால் கடும் எரிச்சலுடன் சில காலம் பார்வையையும் மறைக்கும். குழந்தைகள் நடமாடும் கொல்லைக்கு அது ஆகாது. 2004 டிசம்பரில் கடற்கோளின் வேகத்தைத் தணித்த அக்காட்டிலேயே அது நிற்கட்டும்.

தாழையோ உவரையும் ஈரத்தையும் பொறுக்கும். தாய்ச்செடியின் பக்கக் கன்றைப் பிரித்து, மழை தொடங்கும் சமயம் வாய்க்காலோரம் நடலாம். பொதுக்கரையாயின் உரிய அனுமதி பெற்ற பின்னரே நடுக. அதன் விழுதுகள் கரையைச் சரியாமற் பிடிக்கும், முள்ளோலை வேலியாகும், முள் நீக்கிய ஓலையிற் பாய் முடையலாம். மணமுள்ள மடல் ஆண்செடியில் மட்டுமே தோன்றுமாதலால், பூ வேண்டுவோர் பூத்த புதரைப் பார்த்தே கன்றெடுக்க வேண்டும். நடைபாதைக்கு 3 கெஜமாவது விலக்கி நடுதல் நலம்.